தனுஷ்கோடி ரயில் நிலையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் போகிறவர்கள் அனேகமாகத் தனுஷ்கோடியையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். மணலில் நிற்கும் சுவர்களைப் பார்த்ததும் கேள்விகள் கிளம்புகின்றன. இணையத்தில் கிடைக்கும் பதில்களில் பாம்பன் பாலம், சென்னையிலிருந்து வந்த போட் மெயில் ரயில், ஊரையும் ஸ்டேஷனையும் அழித்த 1964 புயல் மூன்றும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துச் சொல்வதற்காக இந்தப் பக்கம்.

தனுஷ்கோடி ஸ்டேஷன் எங்கே இருந்தது?

ராமேஸ்வரம் தீவின் தென்கிழக்கு வாலில். தீவு அந்தப் பக்கம் போகப் போக ஒடுங்கி, வெறும் மணல் திட்டாக நீள்கிறது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கில் இருப்பது அமைதியான பெண் கடல், தெற்கில் இருப்பது கொந்தளிக்கும் ஆண் கடல் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவே இருந்த மணலில்தான் ஸ்டேஷன். அங்கிருந்து இன்னும் ஐந்து கிலோமீட்டர் போல கிழக்கே போனால் அரிச்சல்முனை. அதற்கப்பால் நிலமே கிடையாது.

ஒரு மீனவர் ஊருக்கு எதற்கு மெயில் வண்டி நிற்கிற ஸ்டேஷன்?

ஊருக்காகக் கட்டியது இல்லை, கப்பலுக்காகக் கட்டியது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற கேள்விகளில் பாதிக்குப் பதில் தானாக வந்துவிடும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து கொழும்பு போக வேண்டுமென்றால் தூத்துக்குடி வரை ரயில், அங்கிருந்து இரவெல்லாம் கப்பல். கடல் சீற்றமாக இருந்தால் பயணிகள் பாடு திண்டாட்டம்தான். இலங்கைக்கு மிக அருகில் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம் தனுஷ்கோடி. அங்கே வரை ரயிலைக் கொண்டுபோய்விட்டால் கடலில் இருக்க வேண்டியது இரண்டு, இரண்டரை மணி நேரம்தான். எதிர்க்கரையில் தலைமன்னாரில் இலங்கை ரயில் காத்திருக்கும். ஆதம் பாலத் திட்டுகளின் மேலேயே தண்டவாளம் போட்டு ரயிலை நேராக இலங்கைக்குக் கொண்டுபோகும் யோசனைகூட அப்போது இருந்தது. செலவைக் கணக்குப் போட்டதும் அதைக் கைவிட்டு, ரயிலும் கப்பலும் என்ற ஏற்பாட்டுக்கு வந்தார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குக் குறுக்கே இருந்த ஒரே தடை, கரையில் இருக்கும் மண்டபத்துக்கும் தீவில் இருக்கும் பாம்பனுக்கும் இடையிலான கடல். 1911இல் பாலவேலை தொடங்கியது. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தீர்த்த யாத்திரை போகிறவர்களுக்காகக் கட்டிய பாலம் என்று பலர் நினைக்கிறார்கள். யாத்திரைக்காரர்களுக்கும் அது வசதியாகிப் போனது உண்மைதான். ஆனால் தென்னிந்திய ரயில்வே கம்பெனி அவ்வளவு பணத்தைக் கடலில் இறக்கியது ராமநாதசுவாமிக்காக அல்ல. கொழும்பு வியாபாரத்துக்காகவும் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலியாட்களுக்காகவும்தான்.

ராமேஸ்வரம் வழியாகத்தானே தனுஷ்கோடிக்கு ரயில் போனது?

இல்லை. ரொம்பப் பேர் தடுமாறுகிற இடம் இது. இன்றைய சாலை ராமேஸ்வரம் வழியாகப் போவதால் பழைய ரயில் பாதையும் அப்படித்தான் போயிருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

பாம்பன் அப்போது ஒரு ஜங்ஷன். பாலத்தைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று வடகிழக்கே சுமார் 10 கிலோமீட்டரில் ராமேஸ்வரம். இன்னொன்று தீவின் தென்கரையை ஒட்டி சுமார் 24 கிலோமீட்டர் ஓடித் தனுஷ்கோடி. சென்னையிலிருந்து வந்த மெயில் வண்டி இரண்டாவது பாதையில் போய்விடும். அதாவது நாட்டின் பெரிய புண்ணியத் தலங்களில் ஒன்று கிளைப் பாதையில் இருந்தது. மணல் முனையில் இருந்த துறைமுகம்தான் முக்கியப் பாதையில் இருந்தது. 1964க்குப் பிறகு இந்தக் கணக்கு தலைகீழானது. இன்று பாம்பனில் பாதை பிரிவதில்லை.

போட் மெயில் என்றால் ரயிலையே கப்பலில் ஏற்றினார்களா?

பயணிகள் பெட்டிகளை ஏற்றவில்லை. கப்பலோடு இணைந்து ஓடும் மெயில் வண்டி என்பதால் அந்தப் பெயர். சென்னை எழும்பூரிலிருந்து கிளம்பும் வண்டி தனுஷ்கோடியில் இறங்குதுறைக்குப் பக்கத்திலேயே போய் நிற்கும். இறங்கி, கஸ்டம்ஸ் சோதனை முடித்து, மூட்டை முடிச்சோடு கப்பலில் ஏறுவார்கள். மறுகரையில் இறங்கி இன்னொரு ரயிலைப் பிடித்தால் கொழும்பு கோட்டை ஸ்டேஷன். ரயில், கப்பல், மறுபடி ரயில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் எடுத்துக்கொள்ள முடிந்தது.

முதலில் ஓடிய நீராவிக் கப்பல்கள் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச். மூன்றும் வைஸ்ராய்களின் பெயர்கள். 1913இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கட்டப்பட்டவை. பிற்பாடு இர்வின், கோஷன் என்று இரண்டு கப்பல்கள் சேர்ந்தன. இர்வினும் வைஸ்ராய், கோஷன் சென்னை மாகாண கவர்னர். தமிழ்ப் பெயர் தாங்கிய கப்பல் இந்தத் தடத்துக்கு வர ரொம்ப காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதைப் பற்றிப் பின்னால் வருகிறது.

அந்த ஸ்டேஷனில் இறங்கி ஏறியவர்கள் யார்?

தனுஷ்கோடி என்றாலே எல்லாரும் புயலைப் பேசுகிறார்கள். ஐம்பது வருஷம் அங்கே ஏறி இறங்கிய மனிதர்களைப் பற்றிப் பேச்சே வருவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வியாபாரிகள் இருந்தார்கள். கொழும்பில் கடை வைத்திருந்த நாடார்கள், வட்டிக்கடை நடத்திய செட்டியார்கள், ராவுத்தர்கள், மரைக்காயர்கள் எல்லாருக்கும் ஊருக்கும் கடைக்கும் நடுவே இருந்த வாசல் இது. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த மாணவர்கள், சிதம்பரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் வந்த இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள், அரசாங்க அதிகாரிகள், தோட்டத் துரைமார்கள் எல்லாரும் இதே தடத்தில்தான் வந்து போனார்கள்.

ஆனால் தலைக்கணக்கில் பார்த்தால் தோட்டத் தொழிலாளர்கள்தான் இந்தத் தடத்தின் உயிர். ராமநாதபுரம், திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்துக் கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கை மலையகத்துத் தோட்டங்களுக்கு, கூட்டிப் போவார்கள். ரயில் வருவதற்கு முந்தைய காலத்தில் இந்தப் பயணம் கொடுமையானது. தோணியில் மன்னார்க் கரைக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடக்க வேண்டும். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் கொஞ்சநஞ்சமில்லை. பிறகு ரயிலும் கப்பலும் வந்து நடையை ஒழித்தன. அப்போதும் நேராகப் போய்க் கப்பல் ஏறிவிட முடியாது. மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் தங்கி, நோய் இல்லை என்று ஆன பிறகே தனுஷ்கோடிக்கு அனுப்புவார்கள். இன்றும் 'மண்டபம் கேம்ப்' என்று சொல்கிறோமே, அந்த இடம்தான். எந்தத் தோட்டத்துக்கு எந்த ஆள் என்று தெரிய எண் பொறித்த தகர வில்லை கொடுக்கும் வழக்கமும் அந்தக் காலத்தில் இருந்தது. தோட்ட முதலாளிக்கு ஆள் ஒரு சரக்கு. சரக்குக்கு முகவரி வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத்தில் இருந்த 5,25,000 இந்திய வம்சாவளியினரை இந்தியா குடிமக்களாக ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்வது என்று முடிவானது. இரண்டு மாதம் ஆவதற்குள் புயல் வந்து தனுஷ்கோடியை இல்லாமல் ஆக்கிவிட்டது. ஒப்பந்தப்படி 1960களின் இறுதியிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் ராமேஸ்வரத்தில்தான் கரையிறங்கின. பாட்டன் பாட்டி கப்பலேறிய ஸ்டேஷனை அவர்கள் யாரும் பார்க்கவில்லை.

விவேகானந்தர் தனுஷ்கோடி ஸ்டேஷனில் வந்து இறங்கினாராமே?

அது நடந்திருக்க வழியே இல்லை. அவர் கொழும்பிலிருந்து திரும்பியது 1897 ஜனவரியில். காலமானது 1902இல். பாம்பன் பாலமும் கப்பல் தடமும் 1914இல்தான் வந்தன. அவர் கரையிறங்கியது பாம்பன் பக்கம், குந்துகால் கரையில். சேதுபதி மன்னர் வரவேற்ற இடத்தில் இப்போது நினைவு மண்டபம் இருக்கிறது.

ஸ்டேஷனைச் சுற்றி என்னென்ன இருந்தன?

ரயில்வே ஊழியர் குடியிருப்பு, சின்னதாக ஒரு ரயில்வே ஆஸ்பத்திரி, தண்ணீர்த் தொட்டி, கஸ்டம்ஸ் அலுவலகம், துறைமுக அலுவலகம், தபால் தந்தி ஆபீஸ், பள்ளிக்கூடம், மாதா கோயில், பிள்ளையார் கோயில், கடைகள். நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர் இல்லாமல் ஆகாது. சுற்றிலும் உப்புக்கடல். ஆனால் தனுஷ்கோடி மணலில் ஒரு விசேஷம் உண்டு: கையால் பள்ளம் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். இன்றும் அங்கே குடிசை போட்டிருப்பவர்கள் ஊற்றுத் தண்ணீரைத்தான் மொண்டு எடுக்கிறார்கள்.

கட்டடங்கள் பலவற்றுக்குப் பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும்தான் சாமான். உள்ளூரில் கிடைத்த கல் அதுதான். இப்போது இடிந்த சுவர்களைக் கிட்டப் போய்ப் பார்த்தால் துளைத்துளையாக இருக்கும் அந்தக் கல் நன்றாகத் தெரியும்.

புயலுக்கு முன்னாலேயே கடல் அந்த ஊரைத் தின்னத் தொடங்கியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவைப் பார்த்த தென்பகுதி நிலம் 1948–49இல் ஏறக்குறைய 5 மீட்டர் தாழ்ந்து ஒரு பட்டை கடலுக்குள் போனது என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆய்வு ஒன்று சொல்கிறது. ஆக, 1964 இரவில் அலை ஏறி வந்தது ஏற்கெனவே தாழ்ந்து, ஒடுங்கிப்போயிருந்த நிலத்தின் மேல்.

1964 டிசம்பர் 22 இரவு என்ன நடந்தது?

டிசம்பர் 17 அன்று தெற்கு அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானது. 19ஆம் தேதிக்குள் அது கடும் புயலாகிவிட்டது. அதற்குப் பிறகு வளைந்து நெளியாமல் ஏறத்தாழ நேர்க்கோட்டில் மேற்கு நோக்கி வந்தது. 22ஆம் தேதி இலங்கையின் வவுனியாப் பக்கம் கடந்து, அன்று இரவு தனுஷ்கோடியில் கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் வரை இருந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அலைகள் 7 மீட்டர் உயரம். அந்த மணல் திட்டில் அவ்வளவு உயரமான மேடு எதுவும் கிடையாது. ஓடி ஏற இடமில்லை.

அந்த நேரத்தில் பாம்பனிலிருந்து 653ஆம் எண் பயணிகள் வண்டி தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்தது. இரவு 11.55க்குப் பாம்பனை விட்டுக் கிளம்பிய வண்டி. பயணிகள் 110 பேர், ரயில்வே ஊழியர்கள் 5 பேர் என்பது அரசுக் கணக்கு. ஸ்டேஷனை எட்டச் சில நூறு கெஜம் இருக்கும்போது அலை அடித்தது. ஒருவரும் பிழைக்கவில்லை.

தந்திக் கம்பிகள் அறுந்துவிட்டன, பாலமும் போய்விட்டது. தீவில் என்ன நடக்கிறது என்று மண்டபத்தில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை. வண்டி போன செய்தியை ரயில்வே தலைமை அதிகாரபூர்வமாகச் சொல்ல இரண்டு நாள் ஆனது. டிசம்பர் 24 வரைக்கும் எழும்பூரிலும் மதுரையிலும் சொந்தக்காரர்கள் என்ன நினைத்துக்கொண்டு காத்திருந்திருப்பார்கள்!

அலையில் போனது போட் மெயில்தானே?

இல்லை. பத்திரிகைகளிலேயே பலமுறை இப்படி எழுதிவிட்டார்கள். அலை கொண்டுபோனது பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே ஓடிய சாதாரண பாசஞ்சர் வண்டி. சென்னை மெயில் அல்ல. போட் மெயில் பிரபலமான பெயர் என்பதால் சோகமும் அதன் கணக்கில் ஏறிவிட்டது.

சிக்னல் எரியாததால் டிரைவர் நின்று விசில் அடித்தார், பிறகு துணிந்து வண்டியை எடுத்தார் என்கிறார்களே?

எல்லாரும் சொல்லும் கதைதான். வண்டியில் இருந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. விசிலை ஸ்டேஷன் பக்கம் இருந்தவர்கள் கேட்டிருக்கலாம். ஆனால் அந்தக் காற்றில், அந்த இருட்டில், டிரைவர் என்ன நினைத்து வண்டியை எடுத்தார் என்பதை யார் பார்த்துச் சொல்ல முடியும்? தடத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் நின்றிருந்தாலும் வண்டி பிழைத்திருக்காது. அதனால் பழியை ஒரு மனிதர் தலையில் வைக்கிற விதமாக இதைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள்?

புயலில் இறந்தவர்கள் 1,800 பேருக்கு மேல் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. வண்டியில் டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களைச் சேர்த்தால் 115க்கு மேல் போகும் என்று அப்போதிருந்தே பேச்சு உண்டு. ராமேஸ்வரம் ஊருக்குள் தண்ணீர் வந்தும் பெரிய கோயில் தப்பியது. நூற்றுக்கணக்கானோர் அதற்குள்தான் ஒதுங்கியிருந்தார்கள். தனுஷ்கோடி போகும் வழியில் இருக்கும் கோதண்டராமர் கோயிலும் நின்றுவிட்டது.

பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்களே, தனுஷ்கோடிப் பாதையை ஏன் விட்டுவிட்டார்கள்?

முதலில் பாலத்தின் கதை. தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களான கர்டர்களில் 126ஐ அலை பிடுங்கிப் போட்டது. கப்பலுக்கு வழிவிட இரண்டாகப் பிளந்து தூக்கும் நடுப்பகுதி மட்டும் தப்பித்தது. ரயில்வே ஆறு மாதக் கெடு கொடுத்தது; மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பை ஏற்றவர் அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன். பிற்காலத்தில் கொங்கண் ரயிலையும் டெல்லி மெட்ரோவையும் கட்டினாரே, அவரேதான். புதுக் கர்டருக்குக் காத்திராமல், மீனவர்களைக் கொண்டு கடலடியில் கிடந்த பழைய கர்டர்களைத் தேடி எடுத்து, அவற்றையே திரும்ப ஏற்றி 46 நாளில் முடித்தார்.

அவ்வளவு வேகமாகப் பாலத்தைக் கட்டியவர்களுக்கு 24 கிலோமீட்டர் தண்டவாளம் போடுவது ஒரு பெரிய காரியமே இல்லை. போடாமல் விட்டதற்குக் காரணம் பொறியியல் அல்ல.

சென்னை அரசு தனுஷ்கோடியை மக்கள் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது. ஊர் இல்லை, இறங்குதுறை இல்லை, கஸ்டம்ஸ் இல்லை. கப்பலை ராமேஸ்வரத்திலிருந்தே விட்டுவிடலாம் என்று முடிவானது. கடல் தூரம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ராமேஸ்வரத்திலோ கோயில் இருக்கிறது, ஊர் இருக்கிறது. கப்பல் வராத நாளிலும் ரயிலுக்குக் கூட்டம் இருக்கும். தனுஷ்கோடிக்கு அப்படி இல்லை. கப்பல் ஒன்றுதான் அதன் பிழைப்பு. அதோடு பெரிய தொழிலாளர் போக்குவரத்தும் அப்போது எப்போதோ முடிந்துபோயிருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு பாஸ்போர்ட், விசா என்று வந்ததும் பழையபடி கூட்டம் கூட்டமாகப் போய்வருவது நின்றுவிட்டது. புயல் வராமல் இருந்திருந்தாலும், 1980களில் இலங்கையில் போர் மூண்டதும் அந்த ஸ்டேஷன் எப்படியும் மூடப்பட்டிருக்கும் என்பது என் எண்ணம். ஊர் பிழைத்திருக்கும், அதுதான் வித்தியாசம்.

அப்புறம் கப்பல் எத்தனை காலம் ஓடியது?

ராமேஸ்வரம்–தலைமன்னார் தடத்தில் 'ராமானுஜம்' கப்பல் ஓடியது. தமிழ்ப் பெயர் என்று முன்பு சொன்னேனே, இதுதான். தாயகம் திரும்பியவர்களில் பெரும்பாலோர் நினைவில் இருக்கும் கப்பலும் இதுவே. 1980களின் நடுவில் போர் காரணமாகச் சேவை நின்றது. அதற்குப் பிறகு அந்தக் கடலைக் கடந்து தனுஷ்கோடி மணலில் வந்து இறங்கியவர்கள் அகதிகள். படகோட்டிக்குக் கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டு, ராத்திரியில். அவர்களையும் மண்டபம் முகாமுக்குத்தான் கொண்டுபோனார்கள்.

இந்தியா–இலங்கை பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. ஆனால் அது நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே.

எதிர்க்கரை ஸ்டேஷன், தலைமன்னார், என்ன ஆனது?

இரண்டும் ஒரே வருஷம், 1914இல், ஒரே காரணத்துக்காக வந்தவை. மதவாச்சியில் பிரிந்து மன்னார்த் தீவின் நுனி வரை போகும் பாதை அது. போரில் 1990இல் ரயில் நின்றது, தண்டவாளத்தையே பெயர்த்துவிட்டார்கள். போர் முடிந்த பிறகு இந்தியக் கடனுதவியில், இந்திய ரயில்வேயின் இர்கான் நிறுவனம் பாதையைத் திரும்பக் கட்டியது. 2015 மார்ச் 14 அன்று தலைமன்னார் இறங்குதுறை வரை ரயில் மறுபடி ஓடியது. திறப்பு விழாவுக்கு இந்தியப் பிரதமர் மோடியும் போயிருந்தார். இந்தியப் பணத்தில் அந்தக் கரை ஸ்டேஷன் எழுந்துவிட்டது. இந்தக் கரை ஸ்டேஷன் மணலில் கிடக்கிறது. தலைமன்னாருக்கு இப்போது கொழும்பிலிருந்து ரயில் உண்டு. கப்பல் மட்டும் இல்லை.

தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் வருமா?

2019 மார்ச் 1 அன்று கன்னியாகுமரியில் நடந்த விழாவில் ராமேஸ்வரம்–தனுஷ்கோடி அகலப் பாதைக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். சுமார் 17 கிலோமீட்டர், 208 கோடி ரூபாய் மதிப்பீடு. கவனியுங்கள், பழைய பாதையைத் திரும்பப் போடும் திட்டம் அல்ல இது. பாம்பனிலிருந்து அல்லாமல் ராமேஸ்வரத்திலிருந்து நீட்டுவது. அடிக்கல்லுக்குப் பிறகு தண்டவாளம் எதுவும் விழவில்லை.

இதற்கிடையே 2025 ஏப்ரல் 6 அன்று செங்குத்தாகத் தூக்கும் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் நின்றுவிட்டது. புதுப் பாலம் வந்ததும் 'அடுத்தது தனுஷ்கோடிதான்' என்று நம்பிக்கையோடு பேசினார்கள். ஆனால் 2025 ஜூன் 5 அன்று தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேரைப் பூநாரை சரணாலயமாக அறிவித்தது. தெற்கே மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா ஏற்கெனவே இருக்கிறது. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு சாலை போட்டாகிவிட்டது. கப்பல் இல்லாமல், செல்ஃபி எடுக்க வருகிறவர்களுக்காக மட்டும் அந்த மணலில் ரயில் பாதை போட வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். தலைமன்னாருக்குக் கப்பல் விடுவதாக இருந்தால் பேச்சு வேறு.

பேய் நடமாட்டம் உண்டா?

இருட்டிய பிறகு அங்கே ஆளை விடமாட்டார்கள். பயத்தைக் கிளப்பும் வீடியோக்களுக்கு அது வசதியாகப் போய்விட்டது. காரணம் பாதுகாப்பு: விளக்கு கிடையாது, கடல் இரண்டு பக்கமும், பக்கத்தில் சர்வதேச எல்லை. பேயூர் என்று எழுதுகிறார்களே, அங்கே இன்னும் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் நின்று 'ஆள் இல்லாத ஊர்' என்று படம் பிடிப்பது அழகில்லை.

போய்ப் பார்த்தால் எது ஸ்டேஷன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாரும் படம் எடுக்கும் பெரிய இடிபாடு, கூரை இல்லாமல் நெடுஞ்சுவர்கள் நிற்பது, மாதா கோயில். அதை ஸ்டேஷன் என்று போட்ட படங்கள் நிறையச் சுற்றுகின்றன. ஸ்டேஷனின் மிச்சம் சாலையை ஒட்டி வளைவு வைத்த சில சுவர்களும் தூண்களும்தான். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிய செங்கல் தூண்கள் நிற்கின்றன. மீட்டர் கேஜ் பாதையின் சுவடு பெரும்பாலும் மணலுக்கு அடியில். 2004 டிசம்பரில் சுனாமிக்குச் சற்று முன் கடல் வெகுதூரம் உள்வாங்கியபோது மூழ்கிய பகுதிகள் கொஞ்ச நேரம் வெளியே தெரிந்தன என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

சுவர்களில் ஏற வேண்டாம். பவளக்கல் கையோடு பெயர்ந்து வருகிறது.

எப்படிப் போவது?

ராமேஸ்வரத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள். முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் முன்பெல்லாம் மணலிலும் தண்ணீரிலும் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்த பிறகு பஸ்ஸே போகிறது. காலையில் போவது நல்லது. பத்து மணிக்கு மேல் வெயில் மணலிலிருந்தும் அடிக்கும். குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் பக்கம் மீன் வறுத்துக் கொடுக்கும் கொட்டகைகள் உண்டு. மன்னார் வளைகுடாப் பக்கம் கடலில் இறங்கிக் குளிக்கவே கூடாது, இழுப்பு அதிகம்.

ரயிலிலேயே போக ஆசைப்படுகிறவர்களுக்கு: எழும்பூரிலிருந்து மாயவரம், தஞ்சாவூர் வழியாக ராத்திரியில் ஓடும் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸுக்கு இன்றும் போட் மெயில் என்றுதான் பெயர். ராமேஸ்வரத்தில் இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துக்கொள்ளலாம். ஆட்டோவானால் போகவர என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்; அங்கிருந்து திரும்ப வண்டி கிடைப்பது கஷ்டம்.